‘மனித உபயோகத்துக்கு அல்ல’: ஒரு லேபிளோட வரலாறு

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. வழக்கமா நான் யாரோ ஒருத்தரோட வரலாற்றைச் சொல்லுவேன். இன்னைக்கு நடுவுல நானும் வர்றேன்.

2020 லாக்டவுன். ஆபீஸ் வேலை முடிஞ்சதும் ராத்திரி ஃப்ரீலான்ஸ் வேலை பார்த்துட்டிருந்தேன். அமெரிக்காவுல இருந்து ஒரு க்ளையண்ட் வந்தாரு. ஆன்லைன் கடை, செக்-அவுட் பக்கத்தை மாத்தி எழுதணும். டாலர்ல காசு. உடனே சரின்னுட்டேன்.

கடையில விக்கிறது சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ள வெள்ளையா கொஞ்சம் பவுடர். செமாக்ஸ், செலாங்க்னு பேரு. எல்லாமே பெப்டைட் வகை நூட்ரோபிக், அதாவது ஞாபக சக்தி, கவனம், மன அமைதி இதுக்கெல்லாம் நல்லதுன்னு ஜனங்க தேடி வாங்குற சரக்கு. ஒவ்வொரு குப்பிக்குக் கீழேயும் ஒரே வரி: ‘ஆராய்ச்சிக்கு மட்டும். மனித உபயோகத்துக்கு அல்ல.’ சரி, யுனிவர்சிட்டி லேப் வாங்கும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதே கடையில மூக்குல அடிக்கிற காலி ஸ்ப்ரே பாட்டிலும் வித்தாங்க. எலிக்கு எதுக்கு ஸ்ப்ரே பாட்டில்னு எனக்கு அப்போ தோணலை.

வேலையோட முக்கியமான பகுதி இதுதான். கஸ்டமர் கார்டு போட்டதும் பேமென்ட் கேட்வேக்கு ஒரு தகவல் போகும். அதுல ‘பொருளின் பெயர்’னு ஒரு இடம் இருக்கும். அங்க செமாக்ஸ்னு போகக்கூடாது, ‘நீல டி-ஷர்ட், மீடியம்’னு போகணும். மொத்தம் 11 பொருள், 11 பொய்ப் பேரு. நான் அழகா ஒரு மேப்பிங் டேபிள் போட்டு, டெஸ்ட் எழுதி, டெமோவும் காட்டிட்டேன்.

அந்த டேபிள் என்னன்னு எனக்குப் புரிய அப்புறம் ரொம்ப நாள் ஆச்சு. அது புரியணும்னா மூணு இடத்துக்குப் போகணும்: ஒரு எலிக் கூண்டு, 1937-ல் வந்த ஒரு மருந்து பாட்டில், அப்புறம் கார்டு தேய்க்கிற மெஷின்.

எலிக் கூண்டு

பெப்டைட்னா பெருசா ஒண்ணும் இல்லை. அமினோ அமிலங்களை மணி மாதிரி வரிசையாக் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. நீளமானா புரதம், குட்டையா இருந்தா பெப்டைட். நம்ம உடம்புல ஓடுற பல ஹார்மோன்கள் பெப்டைட்தான். இன்சுலினும் அந்தக் குடும்பம்.

1960-களில் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்தில் டேவிட் டி வீட் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து ஒரு கேள்வி கேட்டார். பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்ட எலிக்குப் புதிய பாடம் கற்பது கஷ்டமாகிறது. ஏசிடிஹெச் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் சரியாகிறது. ஆனால் ஹார்மோன் முழுசாக வேண்டுமா, இல்லை அதில் ஒரு துண்டு போதுமா? துண்டே போதும் என்று தெரிந்தது. அதாவது ஹார்மோனோட மத்த வேலைகளைக் கழட்டிட்டு, மூளையைத் தொடுற பகுதியை மட்டும் தனியா எடுக்க முடியும்.

அந்த யோசனையைப் பிடிச்சுக்கிட்டு 1980-களில் மாஸ்கோவில் மூலக்கூறு மரபியல் நிறுவனமும் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்ததுதான் செமாக்ஸ். ஏசிடிஹெச்சில் இருந்து நாலு அமினோ அமிலம், உடம்புக்குள்ள சீக்கிரம் உடையாம இருக்கப் பின்னாடி இன்னும் மூணு, ஆக மொத்தம் ஏழு. ரஷ்யாவில் இது மூக்கில் விடுற சொட்டு மருந்து, பக்கவாதத்துக்குக்கூடக் கொடுக்கிறாங்க. 2011-ல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. செலாங்க் அதோட தம்பி மாதிரி, டஃப்ட்சின்னு வேற ஒரு பெப்டைட்ல இருந்து வந்தது.

‘நூட்ரோபிக்’ங்கிற வார்த்தை வேற பாதையில வந்தது. பெல்ஜியத்தில் யூசிபி கம்பெனியில் வேலை பார்த்த ருமேனிய விஞ்ஞானி கோர்னெலியு ஜியூர்ஜியா 1972-ல் உருவாக்கினது. 1964-ல் அவங்க கண்டுபிடிச்ச பிராசிட்டம்னு ஒரு மருந்து எந்த வகையிலயும் அடங்கலை. அதனால புது வகைக்கு ஒரு புதுப் பேரு.

இன்னொரு மனுஷனையும் சொல்லணும். முன்னாடியெல்லாம் பெப்டைட் செய்யறது நரக வேலை. ஒவ்வொரு அமினோ அமிலமா சேர்த்து, ஒவ்வொரு தடவையும் பிரிச்சுச் சுத்தம் பண்ணணும். 1963-ல் நியூயார்க்கில் புரூஸ் மெரிஃபீல்ட் ஒரு வழி சொன்னார். சங்கிலியோட ஒரு முனையைச் சின்னப் பிளாஸ்டிக் மணியில ஒட்டிடுங்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் கழுவி ஊத்துங்க, கடைசியில சங்கிலியை வெட்டி எடுங்க. 1984-ல் இதுக்காக நோபல் பரிசு வாங்கினார். கையால செஞ்சதை மெஷின் செய்ய ஆரம்பிச்சது. ஒரு தேசத்தோட ஆராய்ச்சிக்கூடம் செஞ்ச பொருளை யார் வேணும்னாலும் ஆர்டர் கொடுத்து வாங்குற நிலைமைக்கு விதை அங்கதான் விழுந்தது.

ஆக, சரக்கு நிஜம். அது ஒரு நாட்டுல மருந்துங்கறதும் நிஜம். ஆனா ரஷ்யாவோட அனுமதி ரஷ்யாவுக்குள்ளதான் செல்லும். எங்க க்ளையண்ட் மாதிரி ஆட்கள் விக்கிறது அமெரிக்காவுல. அங்க சட்டம் எப்படிப் பொறந்துச்சுன்னு பார்க்கணும்.

240 காலன்

1937. டென்னிசி மாநிலத்தில் மாசெங்கில் என்று ஒரு மருந்துக் கம்பெனி. அப்போ சல்ஃபானிலமைட் பெரிய அதிசய மருந்து, தொற்றுகளைக் குணமாக்கும். மாத்திரையா இருந்துச்சு. திரவ வடிவத்துல வேணும்னு கேட்டாங்க. மருந்து எதுலயும் சரியாக் கரையலை. கம்பெனியோட தலைமை வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார். ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார். ருசி, நிறம், மணம் எல்லாம் சோதிச்சாங்க. விஷமான்னு மட்டும் சோதிக்கலை. சட்டமும் அதைக் கேட்கலை.

நூறு பேருக்கு மேல் செத்தாங்க. அதுல நிறைய பேர் குழந்தைங்க.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, தன்னோட எல்லா இன்ஸ்பெக்டர்களையும் தெருவுல இறக்கி பாட்டில் பாட்டிலாத் தேடிச்சு. தயாரிச்ச 240 காலன்ல பெரும்பகுதியைப் பிடிச்சுட்டாங்க. ஆனா எந்தச் சட்டத்தில் பிடிச்சாங்க தெரியுமா? 1906-ம் வருஷச் சட்டப்படி விஷத்தை வித்தது தப்பே இல்லை. தப்பு லேபிள்ல இருந்தது. பாட்டில் மேல ‘எலிக்ஸர்’னு போட்டிருந்தது. எலிக்ஸர்னா ஆல்கஹால் இருக்கணும். இதுல இல்லை. ‘சொல்யூஷன்’னு எழுதியிருந்தா அரசாங்கத்துக்குப் பறிமுதல் பண்ண அதிகாரமே இருந்திருக்காது. நூறு உயிர் போன விஷயத்தில் சட்டத்துக்குக் கிடைச்ச ஒரே பிடி ஒரு வார்த்தை.

இது ரொம்பப் பழைய கதைன்னு நினைச்சா, 2025 அக்டோபரை ஞாபகம் வச்சுக்கோங்க. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்தாங்களே, அந்த இருமல் சிரப் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது. உள்ள இருந்தது அதே டைஎத்திலீன் கிளைக்கால்.

அந்த 1937 சாவுகளோட கோபத்துல பிறந்ததுதான் 1938-ம் வருஷச் சட்டம். புது மருந்தை விக்கிறதுக்கு முன்னாடி அது பாதுகாப்பானதுன்னு காட்டணும். தாலிடோமைட் கொடுமைக்கு அப்புறம், 1962-ல், அது வேலை செய்யுதுன்னும் நிரூபிக்கணும்னு சேர்த்தாங்க.

இந்த 1938 சட்டத்துல நம்ம கதைக்கு வேண்டிய ஒரு வரி இருக்கு. மருந்துன்னா என்ன? நோயைக் குணப்படுத்துற எண்ணத்தில் விற்கிற பொருள் மட்டும் இல்லை. உடம்போட அமைப்பையோ செயல்பாட்டையோ மாத்துற எண்ணத்தில் விற்கிறதும் மருந்துதான். ‘நான் நோய்க்குன்னு சொல்லலையே, கவனம் கூடும்னுதானே சொன்னேன்’ங்கிற வாதம் அன்னைக்கே முடிஞ்சது.

அப்போ கடையில விக்கிற வைட்டமின், அஸ்வகந்தா எல்லாம்? அதுக்கு 1994-ல் தனிச் சட்டம் வந்து ஒரு வாசல் திறந்தது. ஆனா அந்த வாசல் வழியா நுழைய, பொருள் உணவுச் சேர்க்கையா இருக்கணும், வாய் வழியா முழுங்கணும். லேபில் செஞ்ச, மூக்குல அடிக்கிற, ஊசியில ஏத்துற பெப்டைட் அதுக்குள்ள வராது.

அந்த ஒரு வரி எங்க இருந்து வந்தது?

இப்போ நம்ம லேபிளுக்கு வருவோம். ‘மனித உபயோகத்துக்கு அல்ல.’ இது எவனோ ஒரு வியாபாரி ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிச்ச வாக்கியம்னு நான் நினைச்சிருந்தேன். இல்லை. அமெரிக்க அரசு விதியிலேயே கிட்டத்தட்ட இதே வாசகம் இருக்கு. அனுமதி வாங்காத மருந்தை, ஆராய்ச்சி விலங்குக்கோ சோதனைக் குழாய்க்கோ அனுப்பலாம். அப்போ இப்படி லேபிள் ஒட்டணும்.

ஆனா அதே விதி இன்னொண்ணும் சொல்லுது. வாங்குறவர் நிஜமாவே அந்த மாதிரி ஆராய்ச்சி பண்றவர்தானான்னு அனுப்புறவர் விசாரிச்சு உறுதிப்படுத்தணும். அந்தப் பொருள் நிஜமாவே அதுக்குத்தான் பயன்படும்னும் பார்த்துக்கணும். லேபிள் பாதிதான். இன்னொரு பாதி விசாரணை.

வியாபாரம் முதல் பாதியை எடுத்துக்கிட்டு ரெண்டாவது பாதியைத் தூக்கிப் போட்டுடுச்சு. நான் எழுதின செக்-அவுட் பக்கம் கேட்டது பேரு, அட்ரஸ், கார்டு நம்பர். எந்த லேப், எந்த ஆராய்ச்சின்னு ஒரு கட்டம் கூட இல்லை. ‘எனக்கு 18 வயசு ஆச்சு’ன்னு ஒரு டிக் மட்டும் இருந்துச்சு. எலிக்கு எதுக்கு 18 வயசு?

விக்கிறவரோட எண்ணத்தை எஃப்டிஏ எப்படிப் படிக்கும்? மனசுக்குள்ள போய்ப் பார்க்க வேண்டாம். விளம்பரம், இணையப் பக்கம், வாய் வார்த்தை, விற்கிற சூழ்நிலை எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்னு விதியே இருக்கு. ஒரு வேளைக்கு எவ்வளவுன்னு ஒரு அட்டவணை, கூடவே ஸ்ப்ரே பாட்டில், ‘பரீட்சைக்கு முன்னாடி எடுத்தேன், சூப்பர்’னு ஒரு ரிவ்யூ, இன்ஃப்ளூயன்சரோட டிஸ்கவுன்ட் கோட். இதெல்லாம் சாட்சி. 2024 டிசம்பரில், செமாக்ளுட்டைட் மாதிரி எடைக்குறைப்புப் பெப்டைட்களை இதே ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ லேபிளோட ஆன்லைனில் வித்த கடைகளுக்கு எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினது. சாரம் இதுதான்: லேபிள் என்ன சொன்னாலும், நீங்க மனுஷங்களுக்குத்தான் விக்கிறீங்கன்னு உங்க இணையதளமே சொல்லுது.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2023-ல், டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கிற காம்பவுண்டிங் ஃபார்மசிகளோட வழியும் குறுகிடுச்சு. பாதுகாப்பு பத்திக் கவலை இருக்குன்னு சொல்லி ஒரு கூட்டம் பெப்டைட்களை எஃப்டிஏ தனிப் பட்டியல்ல போட்டது. அதுல செமாக்ஸும் செலாங்கும் இருந்துச்சு. செலாங்கை அடுத்த வருஷம் அந்தப் பட்டியல்ல இருந்து மறுபரிசீலனைக்கு எடுத்தாங்க, ஆனா அதனால அது அனுமதி வாங்கின மருந்து ஆயிடலை.

முதலாளி பேர்ல கேஸ்

‘கம்பெனி ஆரம்பிச்சுட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது’ன்னு ஸ்டார்ட்அப் உலகத்துல ஒரு நம்பிக்கை இருக்கு. மருந்துச் சட்டம் இதை ரெண்டு தடவை உடைச்சிருக்கு.

1943-ல் டாட்டர்வைக் வழக்கு. பஃபலோ நகரத்தில் ஒரு மருந்து வியாபாரக் கம்பெனி, வெளியில மருந்து வாங்கி, தன் லேபிள் ஒட்டி அனுப்புற வேலை. தப்பான சரக்கு போயிடுச்சு. கம்பெனி மேல ஜூரி ஒரு முடிவுக்கு வரலை, தலைவரை மட்டும் குற்றவாளின்னுடுச்சு. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ஏத்துக்கிட்டது. அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு கூட அவசியம் இல்லை. பொறுப்பான இடத்துல இருந்தார், போதும்.

1975-ல் பார்க் வழக்கு. ஏக்மி மார்க்கெட்ஸ்னு பெரிய சங்கிலிக் கடை, 36,000 ஊழியர்கள். பால்டிமோர் கிடங்குல எலி. தலைவர் பார்க் வேற ஊர்ல இருந்தார், ‘கீழ இருக்கறவங்க கிட்ட சொல்லியிருந்தேன்’னார். அஞ்சு குற்றச்சாட்டு, ஒவ்வொண்ணுக்கும் 50 டாலர், மொத்தம் 250 டாலர் அபராதம். தொகை சின்னது. ஆனா அன்னைல இருந்து ‘பார்க் கோட்பாடு’ன்னா மருந்து, உணவு வியாபாரம் பண்றவங்களுக்கு வயிறு கலங்கும்.

தெரியாம செஞ்சாலே ஒரு வருஷம் வரைக்கும் சிறைக்கு வழி இருக்கு. ஏமாத்துற எண்ணத்தோட செஞ்சா மூணு வருஷம் வரைக்கும்.

நூட்ரோபிக் பக்கம் இது நிஜமாவே நடந்திருக்கு. கென்டக்கியில் டெய்லர் மேட் காம்பவுண்டிங் என்ற ஃபார்மசி, அனுமதி இல்லாத மருந்துகளை அனுப்பினதா ஒப்புக்கிட்டு, சுமார் 17.9 லட்சம் டாலரைப் பறிகொடுத்தது. பட்டியல்ல செமாக்ஸ், செலாங்க் ரெண்டும் இருந்துச்சு. அரிசோனாவில் ‘நூட்ரோபிக்ஸ் டிப்போ’ பெயரில் வித்த சென்டெரா பயோசயின்ஸ் கம்பெனியும் குற்றத்தை ஒப்புக்கிட்டது. அதுல பெப்டைட் இல்லை. டியானெப்டின், பிராசிட்டம் குடும்பம் மாதிரி சரக்கு. போன தொகை 24 லட்சம் டாலர்.

கவனிங்க, ரெண்டுமே தெருவோரக் கடை இல்லை. ஒண்ணு லைசென்ஸ் வாங்கின ஃபார்மசி. இன்னொண்ணு வாடிக்கையாளர்கள் நம்பி வாங்கின கடை. சரக்கு சுத்தமா இருக்கா இல்லையாங்கிறது அங்க கேள்வியே இல்லை. அனுமதி இருக்கா என்பதுதான் கேள்வி.

கார்டு மெஷின்

சட்டம் மெதுவா வரும். எச்சரிக்கைக் கடிதம், விசாரணை, வழக்குன்னு வருஷக்கணக்கா ஆகும். அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கடைகளை மூடுறது பேங்க்தான். ஏன்னு எனக்குப் புரிய வச்சது 2011-ல் வந்த ஒரு ஆராய்ச்சி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ, பெர்க்லி வளாகங்களைச் சேர்ந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் ஸ்பாம் மெயிலைத் துரத்திட்டுப் போனாங்க. போலி மருந்து, போலி வாட்ச், திருட்டு சாஃப்ட்வேர். கிட்டத்தட்ட நூறு கோடி லிங்க்கை அலசினாங்க. அப்புறம் சொந்தமா கார்டு போட்டு நூத்துக்கும் மேல ஆர்டர் போட்டு, பணம் எந்த பேங்க்ல போய் இறங்குதுன்னு பார்த்தாங்க. டொமைன் ஆயிரக்கணக்குல இருக்கு. சர்வர் உலகம் முழுக்க இருக்கு. ஒண்ணை மூடினா அரை மணி நேரத்துல இன்னொண்ணு. ஆனா பணம்? 95 சதவீத ஸ்பாம் சரக்குக்கான காசு மூணே மூணு பேங்க் வழியாப் போச்சு.

சிஸ்டம் டிசைன் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். எல்லாத்துக்கும் மாற்று இருக்கு, ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் இல்லை. அங்க தட்டினா மொத்தமும் விழும். அடுத்த வருஷமே பிராண்ட் கம்பெனிகள் அதைத்தான் செஞ்சாங்க. டெஸ்ட் ஆர்டர் போட்டு, விசா, மாஸ்டர்கார்டு கிட்ட புகார் கொடுத்து, கடைகளோட கணக்கை மூட வச்சாங்க.

எப்படி வேலை செய்யுது? நீங்க கார்டு போட்டா, உங்க பேங்க் ஒரு பக்கம், கடைக்காரருக்காகப் பணம் வாங்குற பேங்க் இன்னொரு பக்கம். நடுவுல கார்டு நெட்வொர்க். அந்த ரெண்டாவது பேங்க்தான் கடைக்காரருக்கு ஜாமீன். கடை சட்டவிரோத சரக்கு வித்தா நெட்வொர்க் அபராதம் போடுறது அந்த பேங்க் மேல. அதனால ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்துல ஒரு தொழில் குறியீடு கொடுப்பாங்க. மருந்துக் கடைன்னா 5912. நம்ம யுபிஐ கடைகளுக்கும் இந்த மாதிரி குறியீடு உண்டு.

மாட்டினா என்ன ஆகும்? கணக்கு மூடப்படும். சார்ஜ்பேக் வரலாம்னு சொல்லி உள்ள இருக்கிற காசை மாசக்கணக்குல பிடிச்சு வைப்பாங்க. அப்புறம் மேட்ச் என்கிற பட்டியல், மாஸ்டர்கார்டு நடத்துறது. கடையோட பேர் மட்டும் இல்லை, முதலாளியோட பேரும் ஏறும். அஞ்சு வருஷம் இருக்கும். நாளைக்கு நீங்க இட்லிக் கடை வச்சாலும் கார்டு மெஷின் கொடுக்க பேங்க் யோசிக்கும்.

சாதாரண பேங்க் கணக்கும் தப்பாது. அமெரிக்காவில் பேங்க் சந்தேகப்பட்டா அரசுக்கு ரகசிய அறிக்கை அனுப்பணும். அனுப்பினதை வாடிக்கையாளர் கிட்ட சொல்லவே கூடாது. அதனாலதான் இந்த வியாபாரிகளுக்கு வர்ற கடிதத்துல காரணம் இருக்காது. இன்னொரு ஆபத்து இறக்குமதி. சுங்கத்துல பொய் சொல்லிச் சரக்கைக் கொண்டு வந்தா, அதுல வந்த காசுல 10,000 டாலருக்கு மேல ஒரு பரிமாற்றம் செஞ்சாலே அது பணமோசடிச் சட்டத்துல தனிக் குற்றம். பத்து வருஷம் வரைக்கும் போகலாம். மருந்துக் குற்றத்துக்கு மூணு, அந்தக் காசை நகர்த்தினதுக்குப் பத்து.

இதுல ஒரு நியாயமான கேள்வி இருக்கு. கோர்ட், வக்கீல், தீர்ப்பு எதுவும் இல்லாம ஒரு தனியார் நெட்வொர்க் ஒருத்தரோட பிழைப்பை மூடலாமா? 2013-ல் அமெரிக்க நீதித்துறை ‘ஆபரேஷன் சோக் பாயிண்ட்’னு ஒரு வேலை ஆரம்பிச்சது. மோசடி வியாபாரிகளுக்குச் சேவை செய்யுற பேங்க்குகளைக் குறிவச்சது. சட்டப்படி நடக்கிற வியாபாரிகளும் கணக்கை இழந்தோம்னு பெரிய எதிர்ப்பு வந்து, 2017-ல் முடிச்சுக்கிட்டாங்க. அந்த எதிர்ப்புல நியாயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஆனா அந்த நியாயத்தை என் க்ளையண்ட் பேர்ல நான் கேட்க முடியாது. அவர் பேங்க் கிட்ட உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டவர் இல்லை. என்னை வச்சுப் பொய் சொன்னவர்.

நீல டி-ஷர்ட்

டெமோ முடிஞ்ச வாரம், கீழ் வீட்டுல இருக்கிற சித்தப்பா மொட்டை மாடிக்கு வந்தாரு. பேங்க்ல 30 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். பெருமையா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பார்த்தார்.

“ஏன்டா, கடையில ஒரு பேரு, பேங்க்குக்கு ஒரு பேரா?”

“அது சும்மா டிஸ்ப்ளே நேம், சித்தப்பா. க்ளையண்ட் கேட்டாரு.”

“பேங்க் அந்தப் பேரைப் பார்த்துத்தான்டா காசு விடும். உண்மைப் பேரைப் பார்த்தா விடாதுன்னுதானே மாத்தச் சொல்றான்?”

“சரக்குல தப்பு இருந்தா அது அவங்க பாடு, சித்தப்பா. நான் கோட்தான் எழுதுறேன்.”

“சரக்கை நான் கேட்கவே இல்லையே. பொய்யை யார் எழுதினதுன்னு கேட்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள் பேசலை. ஆனா தூக்கம் வரலை. மூணாவது நாள் க்ளையண்டுக்கு மெயில் போட்டேன்: இந்தப் பகுதியை மட்டும் நான் செய்யலை, மத்ததை முடிச்சுத் தர்றேன். பதில் ரெண்டே வரி, வேற ஆள் பார்த்துக்கிறேன்னு. பாதிக் காசு வரலை. சில மாசம் கழிச்சுப் பார்த்தா அந்த இணையதளமே இல்லை.

2021 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு கஞ்சா டெலிவரி ஆப். அந்த மாநிலச் சட்டப்படி கஞ்சா விக்கலாம், மத்தியச் சட்டப்படி கூடாது. அதனால கார்டு நெட்வொர்க் விடாது. ரெண்டு பேர் போலிக் கடைகளை உருவாக்கி, நாய்ச் சாமான், டைவிங் சாமான், கிரீன் டீ, முகத்துக்குப் போடுற கிரீம் விக்கிற மாதிரி காட்டி, 15 கோடி டாலருக்கு மேல பேங்க் வழியா ஓட்டினாங்க. குற்றச்சாட்டு கஞ்சா வித்தது இல்லை. அவங்க கஞ்சாவே விக்கலை. பேங்க்கை ஏமாத்தச் சதி செஞ்சது. ஜூரி குற்றவாளிகள்னு சொன்னது.

அதைப் படிச்சப்போ எனக்குக் கை நடுங்கிச்சு. கிரீன் டீக்கும் என் நீல டி-ஷர்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? அளவு மட்டும்தான். ‘சரக்கு அவங்க பாடு’ன்னு நான் சொன்ன அதே இடத்துலதான் அந்த ரெண்டு பேரும் நின்னாங்க.

1937-ல் ஒரு லேபிள்ல இருந்த தப்பு வார்த்தைதான் சட்டத்துக்குக் கிடைச்ச பிடி. இன்னைக்கு இந்த வியாபாரத்துல ரெண்டு லேபிள். ஒண்ணு குப்பி மேல, எஃப்டிஏ பார்க்கிறதுக்கு. இன்னொண்ணு பேமென்ட் தகவலுக்குள்ள, பேங்க் பார்க்கிறதுக்கு. முதல் லேபிளை ஒட்டினது என் க்ளையண்ட். ரெண்டாவதை எழுதினது நான்.

இந்த எபிசோடைக் கேட்கிற பலர் நம்மள மாதிரி கோட் எழுதுறவங்க. ராத்திரி ஃப்ரீலான்ஸ் பண்றவங்க. யாராவது ‘பேங்க்குக்குப் போற பேரை மட்டும் மாத்தணும், சின்ன வேலைதான்’னு கேட்டா, அது சின்ன வேலை இல்லை. காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுந்து வந்துடுங்க. செமாக்ஸ் வாங்கலாமான்னு கேட்டீங்கன்னா, நான் டாக்டர் இல்லை. ஆனா அந்தக் குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு எந்த அரசும் சோதிச்சுப் பார்க்கலை, அது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் கடையோட கோட் நான் பார்த்திருக்கேன்.

சித்தப்பா இந்த எபிசோடைக் கேட்பாரு. சாரி சித்தப்பா, அன்னைக்கு ரெண்டு நாள் பேசாததுக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.